கண்டபின் பெயரிடுவோம்

தோழர்களே, ஒட்டிய பட்டப்பெயர் உரியாது என்பது விடுதிவாசிகளாகிய நமக்குத் தெரியும். ஓர் ஈக்கும் அந்தக் கதி நேர்ந்தது.

வட அமெரிக்காவில் கியூட்டெரிப்ரா என்றொரு பேரினத்து ஈக்கள் உண்டு. தடித்த, மயிரடர்ந்த தேனீ போலத் தோன்றும். காட்டெலியும் அணிலும் நடமாடும் வழிகளிலும் வளையோரங்களிலும் முட்டையிடும். அவ்வழி வரும் விலங்கின் உடற்சூட்டில் முட்டை பொரியும். இளம்புழு அதன் வாய், மூக்கு வழியே உட்புகுந்து, பின்னர்த் தோலுக்கடியில் தங்கி, மூச்சுவிட ஒரு துளையும் அமைத்துக்கொண்டு வளரும். முற்றியதும் வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும்.

1850-களில் நியூயார்க் மாநிலப் பூச்சியியலறிஞர் ஆசா ஃபிச் இவற்றில் ஒரு சிற்றினத்துக்குப் பெயரிட்டார். வரியணிலின் தொடையிடுக்கில் காணப்பட்ட அதன் புழு, அணிலின் விதைகளைத் தின்றுவிடுகிறது என்று கருதினார். ஆகவே ‘எமாஸ்குலேட்டர்’, அதாவது ‘ஆண்மை பறிப்பது’ என்றார். பின்வந்தோர் அறுத்துப் பார்த்தனர். புழு தோலுக்கடியிலேதான் இருந்தது, விதைகளைத் தின்னவில்லை! பழி பொய்யாயிற்று, பெயரோ இன்றும் நிற்கிறது. பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரைத் தள்ள விலங்கியல் பெயரிடல் விதி இடந்தராது.

பேரறிஞருக்கே இப்படியென்றால், செய்முறை வகுப்பில் அவசரப்படும் நாம் எம்மாத்திரம்? புழுவை மட்டும் கொண்டு சிற்றினம் சொல்வது கடினம். உடல் முட்களையும் மூச்சுத்துளைகளையும் உருப்பெருக்கியில் நோக்க வேண்டும். வளர்த்து ஈயாக்கிப் பார்த்தால் தெளிவு மிகும். இன்று மரபணுச் சோதனையும் உண்டு. எந்த விலங்கில் கிடைத்தது என்பது துணைச்சான்று, அதுவே தீர்ப்பாகாது. வெண்கால் சுண்டெலியில் கிடைத்த புழு பெரும்பாலும் ஃபோன்டினெல்லா என்னும் சிற்றினமே. அதற்காகப் புழுவைப் பாராமலே அப்பெயரை எழுதிவிடலாமா?

எழுதிவிடுகிறோம்! மதிப்பெண் போய்விடுமே என்ற அச்சம் எழுத வைக்கிறது. அந்த ஊகம் பதிவேட்டில் ஏறுகிறது. அடுத்த ஆண்டு மாணவர் அதையே சான்றாகக் கொள்கின்றனர். பிழை இப்படித்தான் பரம்பரைச் சொத்தாகிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: “பேரினம் வரையே துணிய முடிந்தது, காரணம் இது” என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தாருங்கள். தோழர்களே, அப்படி எழுதும் துணிவை நாம் பெறுவோம். பெயரை நாளை இடலாம், இன்று பார்ப்போம்.