கடலடியும் நம் காணியே

வாடைக் காற்று ஓய்ந்து சோளகம் எழும் காலத்தில் நமது கீழைக் கடல் தெளிந்து அமைதியுறுகின்றது. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, மட்டக்களப்பு ஆகிய கரைகளுக்குப் பல நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் கூட்டங்கூட்டமாக வருகின்றனர். முதுகிலே காற்றடைத்த சிலிண்டரையும் கால்களிலே துடுப்பையும் பூட்டிக்கொண்டு, மூழ்கிய கப்பல்களையும் முருகைக்கற் பாறைகளையும் காணக் கடலடிக்குச் செல்கின்றனர். கண்டு களித்தபின் படங்களோடு கரையேறித் தத்தம் நாடு திரும்புகின்றனர். இதனாற் பெரும் பணம் கைமாறுகின்றது. அப்பணம் யாருடைய கைக்குச் செல்கின்றது? கடலடியிற் கிடப்பவற்றுக்குக் காவலர் யார்? இவ்விரு கேள்விகளையும் தமிழ் மக்கள் இன்னும் உரக்கக் கேட்டாரல்லர். இன்று நாம் கேட்கின்றோம்.

சாவகச்சேரியிலிருந்து எழுதும் நமக்கு இதில் என்ன அக்கறை என வாசகர் சிலர் வினவலாம். கச்சாயிலும் கிளாலியிலும் நாம் காண்பது ஆழங்குறைந்த நீரேரியே. பலாவும் மாவும் தென்னையுமே தென்மராட்சியின் செல்வம். ஆயினும் நமது தோட்டத்து மண்ணுக்குக் கீழே, நமது கிணறுகள் இறங்கி நிற்கும் சுண்ணக்கல், ஒரு காலத்திற் கடலின் அடித்தளமாயிருந்ததே. அக்கல் தாங்கி வைத்திருக்கும் நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும் என்பதை இயந்திரம் பூட்டி இறைக்கும் ஒவ்வொரு கமக்காரனும் அறிவான். கடலின் செல்வமும் அத்தகையதே. அளவோடு எடுத்தால் அது ஊறும். அளவு தப்பினால் வற்றிவிடும். இவ்வுண்மையைக் கமக்காரனுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

முதலிற் கப்பல்களைப் பற்றிக் கூறுவோம். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வரப்போவதை அறிந்து துறைமுகத்தை விட்டுத் தெற்கு நோக்கி ஓடிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மிஸ்’ மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டது. விமானந்தாங்கியாகவே தொடக்கத்திலிருந்து திட்டமிடப்பட்ட முதற் கப்பல் என்று பெயர் பெற்ற அதன் தட்டில் அன்று ஒரு போர்விமானங்கூட இருக்கவில்லை. குண்டுகள் மழையெனப் பொழியச் சில நிமிடங்களுக்குள் அது கவிழ்ந்தது. கப்பற் தலைவர் உட்பட 307 பேர் மாண்டனர். உடன் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான ‘வம்பயர்’, காவற் கப்பலான ‘ஹொலிஹொக்’, எண்ணெய்க் கப்பல்களான ‘அதெல்ஸ்ரேன்’, ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ ஆகியனவும் அதே நாளில் அதே கடலில் மூழ்கின. இன்று உலகெங்குமுள்ள சுழியோடிகள் இவற்றின் பெயர்களை அறிவர். அக்கரையில் வாழும் நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

ஹேர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. பொழுதுபோக்குக்காகச் சுழியோடுவோருக்கு 40 மீற்றரே எல்லையென உலகப் பயிற்சி நிறுவனங்கள் வகுத்துள்ளன. புதிதாகக் கற்றவருக்கு எல்லை 18 மீற்றர். ஆகவே ஹேர்மிஸைக் காண்பது தனிப் பயிற்சியும் தனிச் சாதனங்களும் உடையோருக்கே தக்கது. ஆயினும் ஆழத்தைவிட முதன்மையான செய்தி ஒன்றுண்டு. அது ஒரு மயானம். மாண்டவர் எந்நாட்டவராயினும், எந்தக் கொடியின்கீழ் நின்றவராயினும், அவர்கள் துயிலும் இடம் நமது கடலில் உள்ளது. மயானத்துக்குச் செல்பவன் அங்கிருந்து எதனையும் வீட்டுக்கு எடுத்து வரமாட்டான். நமது முன்னோர் நமக்குக் கற்பித்த இவ்வொழுக்கமே கடலடிக்கும் போதுமான சட்டமாகும்.

இவ்வொழுக்கம் பேணப்படாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு உலகிற் சான்று உண்டு. 1942 பெப்ரவரியில் யாவாக் கடற்போரில் மூழ்கிய ஒல்லாந்தப் போர்க்கப்பல்களான ‘டி ரொய்ற்றர்’, ‘யாவா’ ஆகியவற்றுக்கு, அப்போரின் 75ஆம் ஆண்டு நினைவை முன்னிட்டு அஞ்சலி செலுத்த ஒரு சுழியோடிக் குழு 2016இற் சென்றது. கப்பல்களைக் காணவில்லை! கடற்றரையில் அவை கிடந்த பள்ளங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. இரும்புக்கும் பித்தளைக்கும் ஆசைப்பட்ட திருடர், நூற்றுக்கணக்கானோரின் கல்லறையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டு போய்விட்டனர். மலாயாக் கரைக்கப்பால் 1941 டிசெம்பரில் மூழ்கிய ‘பிரின்ஸ் ஒவ் வேல்ஸ்’, ‘றிப்பல்ஸ்’ என்னும் கப்பல்களுக்கும் இத்தகைய கொள்ளை நேர்ந்துள்ளது. இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் இரண்டு. காவலற்ற கப்பல் களவு போகும். களவைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர்களும் சுழியோடிகளே. எனவே சுழியோடிகளின் வருகையை நாம் எதிர்க்கவில்லை. ஒழுங்கோடு வருபவன் விருந்தினன், சாட்சியுமாவான்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு நற்சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்துக் கடலிலே தள்ளினர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கோயிலின் கற்கள் சுவாமிமலையின் அடியிலே கிடந்தன. 1956ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் அங்கே சுழியோடித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். அடுத்த ஆண்டிலே கிளார்க் அதனை நூலாக எழுதி உலகுக்கு அறிவித்தார். வில்சன் கடலடியிற் கண்ட இலிங்கம் கோயிலுக்கே மீண்டது. அயல்நாட்டவர் இருவர் கண்டதை மறைக்கவுமில்லை, விலை பேசவுமில்லை. அத்தகையோருக்கு நமது கரை என்றும் திறந்தே இருக்கும். ஆயினும் நம் கோயிலின் கற்களை முதலிற் காண நம்மவருள் ஒருவன் கடலில் இறங்கவில்லையே என்ற ஏக்கமும் நமக்கு எழாமலில்லை.

இனி முருகைக்கற் பாறைகளுக்கு வருவோம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலை என்னும் சிறு தீவு 1963இற் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1998ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் வழமைக்கு மாறாகச் சூடேறியபோது இலங்கையின் பல பாறைகள் வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. வெப்பத்துக்குத் தப்பியது மனிதனின் காலுக்குத் தப்பவில்லை. 2009இற் போர் முடிந்தபின் திரள் திரளாக வந்தோர் அப்பாறைகளில் ஏறி நின்றனர், கிளைகளை முறித்தனர், வள்ளங்களின் நங்கூரங்களைப் பாறைமேல் எறிந்தனர். பருத்த முருகைக்கல் ஓராண்டில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே வளரும். ஒரு நொடியில் உடைவதை மீள வளர்க்க ஒரு தலைமுறை போதாது. நாற்றுமேடையில் மாடு புகுந்தால் நாம் வாளா இருப்போமா? பாறை மீனின் நாற்றுமேடை. கரையை அலை அரியாது காக்கும் வேலியும் அதுவே. சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் தடுத்துவிட்டது. ஏழைத் தொழிலாளியின் அலவாங்கைத் தடுத்த சட்டம் செல்வந்தரின் காலடியைக் கண்டு கண்ணை மூடலாமா?

சுழியோடுதல் தமிழனுக்குப் புதிய தொழிலன்று. மன்னார்க் கடலில் இடுப்பிற் கயிறும் காலிற் கல்லுமாக, மூச்சை அடக்கி முத்துச்சிப்பி எடுத்தவர்கள் நம்மவர். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் 25 இலட்சம் ரூபாவுக்கு மேல். சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்த இலாபத்தைக் கண்டு மறு ஆண்டே முத்துப்பார்களை ஓர் ஆங்கிலக் கொம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தனர். பார்கள் வெறுமையாயின, சில ஆண்டுகளிற் கொம்பனியும் கலைந்தது. இலாபம் வந்த ஆண்டில் வந்தவர்கள் நட்டம் வந்த ஆண்டிற் போய்விட்டனர். போக இடமின்றி நின்றவன் மன்னார்க் கரையானே.

அக்கதை இன்று வேறு வேடத்தில் வருகின்றது. 2018ஆம் ஆண்டில் வடமராட்சி கிழக்கில் மருதங்கேணிக் கரையிலே, வெளியூர்ச் சுழியோடிகள் இரவில் ஒளி பாய்ச்சிக் கடலட்டை அள்ளுவதை எதிர்த்து நமது கடற்றொழிலாளர் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. உரிமம் எங்கோ எழுதப்படுகின்றது. கடல் நம் வாசலில் வெறுமையாகின்றது. உல்லாசச் சுழியோட்டமும் இவ்வாறே வளருமாயின், நமது இளைஞர் சிலிண்டர் சுமப்பவராகவும் வள்ளந் தள்ளுபவராகவும் மட்டுமே இருப்பர். கடற்றரையில் எங்கே வலை சிக்கும், எங்கே மீன் கூடும், எந்த நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதைத் தலைமுறையாக அறிந்தவன் தன் கடலிலே கூலியாளாக நிற்பதைவிட வேறென்ன இழிவு வேண்டும்?

உயிர்க்காப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரிற் பத்து மீற்றர் இறங்குந்தோறும் உடல்மேல் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் அவ்வமுக்கத்தாற் குருதியிலும் தசையிலும் கரைகின்றது. விரைந்து மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல அது குமிழிகளாகக் கிளம்பி நரம்பைத் தாக்கும், கால்கள் முடமாகும், உயிரும் போகலாம். அமுக்க அறையில் இட்டு ஒட்சிசன் கொடுப்பதே அதற்கு மருந்து. அதுவும் தாமதியாது செய்யப்பட வேண்டும். வெளிநாட்டுப் பயணி இதனைப் படித்தே வருகின்றான். சங்கும் அட்டையும் தேடி ஒரே நாளிற் பலமுறை இறங்கும் நமது இளைஞர் பலர் இதனைப் படிக்காமலே முடமாகியுள்ளனர். பயணியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு வரும்போது, கடற்றொழிலாளியின் உயிரும் அதே கூரையின்கீழ்க் காக்கப்பட வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவதாக, ஒவ்வொரு பாறைக்கும் கப்பலுக்கும் ஒரு நாளில் இத்தனை பேரே செல்லலாம் என வரையறை வேண்டும்; நங்கூரம் எறியாது வள்ளங்களைக் கட்ட நிலையான மிதவைகள் வேண்டும். இரண்டாவதாக, பயணிகளை ஏற்றும் வள்ளங்களின் உரிமத்தில் முதலிடம் அவ்வக் கரையின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கே அளிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, சுழியோட்டப் பயிற்சியும் தேர்வும் தமிழில் நடத்தப்பட்டு, நம்மவர் வழிகாட்டிகளாகவும் ஆசிரியர்களாகவும் உயர வழி செய்ய வேண்டும். நான்காவதாக, அறவிடப்படும் கட்டணத்தின் ஒரு பங்கு அவ்வூர்ப் பிரதேச சபைக்குச் சேர வேண்டும். ஐந்தாவதாக, மூழ்கிய கப்பல்களிலிருந்து ஓர் ஆணியையேனும் எடுப்பது குற்றமாகக் கொள்ளப்பட வேண்டும். நூறு ஆண்டு நீரிற் கிடந்த கலங்களைக் கிடந்த இடத்திலேயே காப்பதை முதல் வழியாகக் கொள்ள வேண்டுமென 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை கூறுகின்றது. ஹேர்மிஸுக்கு நூறு ஆண்டு நிறைவது 2042இல். அதுவரை காத்திருந்தால் காப்பதற்குக் கப்பல் எஞ்சுமா?

இவை அரசாங்கத்தை மட்டும் நோக்கிய கோரிக்கைகளல்ல. நமது வழக்கறிஞர்கள் கூட்டுறவுச் சங்கங்களுக்கு விதிகளை எழுதிக் கொடுக்கலாம். வைத்தியர்கள் சுழியோடும் இளைஞருக்கு ஆபத்தைத் தமிழில் விளக்கலாம். ஆசிரியர்கள் 1942ஆம் ஆண்டின் கதையை வகுப்பறைக்குக் கொண்டு வரலாம். நமது கமக்காரரின் காய்கறியும் பழமும் அக்கரைகளின் விடுதிகளுக்கு நேரே செல்லும் ஒழுங்கை ஐக்கிய வியாபாரச் சங்கங்கள் ஆராயலாம். பணம் கைமாறும் இடத்திற் கைநீட்டி நிற்பதை விடுத்து, கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்து உட்காருவோமாக.

காணிக்கு எல்லைக்கல் நடாதவன் அயலானைக் குறை கூறிப் பயனில்லை. கடலடிக்குக் கல் நட முடியாது. கூட்டுறவும் ஒழுங்கும் கல்வியுமே அங்கு எல்லைக்கற்கள். அவற்றை நாம் நாட்டுவோமாயின், வருபவர் வரட்டும், கண்டு களிக்கட்டும், வாழ்த்திச் செல்லட்டும். நாட்டத் தவறுவோமாயின், முத்துப்பாருக்கு நேர்ந்ததே முருகைக்கல்லுக்கும் நேரும். அடுத்த சோளகம் எழுமுன் கிழக்கிலும் வடக்கிலுமுள்ள கடற்றொழிலாளர் சங்கங்கள் ஒரே மேசையில் அமர வேண்டும்.