கதவைத் தொட்டால் 'ஷாக்'!

அமெரிக்காவில் விடுமுறை வந்தால் பல குடும்பங்கள் வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றப் புறப்பட்டு விடுகின்றன!

காருக்குப் பின்னால் ஒரு வண்டி பூட்டியிருப்பார்கள். படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், குளிக்கும் அறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். 'டிரெய்லர்' என்பது அதன் பெயர். இந்த வண்டிகள் தங்குவதற்கென்றே ஏரிக்கரைகளிலும் மலையடிவாரங்களிலும் முகாம்கள் இருக்கின்றன. வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கம்பத்தில் ஒரு மின்சாரப் பெட்டி இருக்கும். வண்டியின் வயரை இழுத்து அதில் செருகினால் விளக்கு எரியும், ஏர்கண்டிஷன் ஓடும்.

சிறுவன் ஒருவன் ஏரியில் குளித்துவிட்டு ஓடி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் செருப்பு இல்லை. உடம்பெல்லாம் ஈரம். வண்டியின் கதவுப் பிடியில் கை வைக்கிறான். 'சுரீர்' என்கிறது!

"ஈரக் கையோடு தொட்டால் அப்படித்தான்" என்று வீட்டில் யாராவது சொல்லி விடுவார்கள். அவனும் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு போய்விடுவான்.

அப்படிச் சொல்வதுதான் பெரிய தப்பு. கோளாறு இல்லாத வண்டியை எவ்வளவு ஈரக் கையால் தொட்டாலும் சுரீர் என்னாது. லேசாகச் சுரீர் என்றாலே, வண்டியின் உடம்பில் மின்சாரம் ஏறி நிற்கிறது என்று அர்த்தம். இன்று தரை காய்ந்திருந்ததால் பையன் தப்பினான். நாளை மழை பெய்தால்?

எர்த் எங்கே போயிற்று?

வண்டிக்கு வரும் வயருக்குள் முக்கியமான வேலை மூன்று கம்பிகளுக்கு. மின்சாரத்தைக் கொண்டு வருவது ஒன்று. திருப்பி எடுத்துப் போவது ஒன்று. மூன்றாவது 'எர்த்'.

எர்த் கம்பிக்குச் சாதாரண நாளில் வேலையே கிடையாது. வண்டிக்குள் ஏதாவது ஒரு சாமான் கெட்டு, மின்சாரம் கசிந்து தகரத்தில் ஏறினால், அன்றைக்குத்தான் அதற்கு வேலை. கசிந்த மின்சாரத்தை அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

அந்தக் கம்பி எங்காவது அறுந்திருந்தால் மின்சாரத்துக்குப் போக வழி இல்லை. வண்டி நிற்பதோ ரப்பர் சக்கரத்தின் மேல்! எனவே தகரத்திலேயே தங்கிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கம்பி மேல் காக்கை உட்கார்ந்திருப்பதுபோல அவர்கள் சௌக்கியமாக இருப்பார்கள். தரையில் கால் வைத்துக் கதவில் கை வைப்பவன் உடம்பு வழியாகத்தான் அது பூமிக்கு இறங்கும்.

எர்த் அறுந்தாலும் விளக்கு எரிகிறது, பிரிட்ஜ் குளிர்கிறது. அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. முகாம்களில் உள்ள சாக்கெட்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றன. வாரந்தோறும் புதிது புதிதாக ஆட்கள் வந்து செருகிப் பிடுங்குகிறார்கள். திருகு தளர்ந்து விடுகிறது. சிலர் மூன்றாவது முள்ளையே உடைத்துப் போட்டுவிட்டு, இரண்டு ஓட்டைச் சாக்கெட்டில் செருகுகிறார்கள். (பிளக்கே இல்லாமல் வயரை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி சொருகும் நம் ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது!)

"பிரேக்கர்தான் இருக்கிறதே!"

எல்லோரும் சொல்லும் சமாதானம் இது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

டிரெய்லர்களுக்கு அதிகம் உபயோகமாவது 30 ஆம்பியர் சாக்கெட். அதன் பிரேக்கர் 30 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். மனிதனின் இருதயத்தை நிறுத்த ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும்! பிரேக்கர் காப்பது வயரை. வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் அது பார்த்துக்கொள்ளும். ஆள் மாட்டிக்கொண்டால் அதற்குத் தெரியாது.

ஆளைக் காக்க வேறு கருவி இருக்கிறது. நம் ஊரில் 'ஆர்.சி.சி.பி.' என்பார்கள். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் பார்க்கும். துளி குறைந்தாலும் கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும்.

பிரிட்டனில் முகாமின் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியாக இந்தக் கருவி வேண்டும் என்பது விதி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் துண்டித்துவிடும். அமெரிக்காவிலோ இந்தக் காவல் 15, 20 ஆம்பியர் சின்னச் சாக்கெட்டுகளோடு பெரும்பாலும் நின்று விடுகிறது. வண்டி முழுவதற்கும் மின்சாரம் தரும் பெரிய சாக்கெட்டுகள் பலவற்றில் இல்லை.

அமெரிக்கர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். அங்கே இந்தக் கருவி 5 மில்லி ஆம்பியரிலேயே விழுந்துவிடும். பழைய வண்டியில் பிரிட்ஜ், வெந்நீர்க் கலம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கசியும். எல்லாம் சேர்ந்தால் அடிக்கடி மின்சாரம் போகும். பிரிட்ஜில் இருக்கும் இறைச்சி கெட்டுப்போகும் என்கிறார்கள். காரணம் பொய் அல்ல. ஆனால் அதற்காகக் காவலே வேண்டாம் என்பது நியாயமா? பிரிட்டனைப்போல 30 மில்லி ஆம்பியர் வைக்கலாமே! ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறவர்கள் இந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும்.

செருகுவதற்கு முன்

அதுவரை குடும்பத் தலைவர்தான் லைன்மேன்! வண்டியை நிறுத்தியதும் முதலில் பெட்டியில் உள்ள பிரேக்கரை அணைக்க வேண்டும். சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். கருகியிருந்தாலோ பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ வேறு இடம் கேட்பது நல்லது. பிறகு செருகி, பிரேக்கரைப் போட வேண்டும். உடனே கதவைத் தொடக் கூடாது. கம்பியைத் தொடாமலே மின்சாரத்தைக் காட்டும் பேனா டெஸ்டர் கடைகளில் கிடைக்கிறது. தரையில் நின்றபடி அதைக் கதவுப் பிடி, படி, இழுவைக் கொக்கி ஆகியவற்றின் அருகே கொண்டுபோக வேண்டும். அது எரிந்தால் பிரேக்கரை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

வீட்டு வாசலில் சாக்கெட் வைத்துக்கொள்கிறவர்களுக்கு வேறோர் அபாயம் உண்டு. டிரெய்லர் சாக்கெட்டுக்கு வேண்டியது 120 வோல்ட். பார்வைக்கு அது, துணி உலர்த்தும் யந்திரத்தின் 240 வோல்ட் சாக்கெட்போல இருக்கும். தெரியாத எலெக்ட்ரீஷியன் 240-ஐ இணைத்துவிடுகிறார். செருகிய நிமிஷத்தில் மைக்ரோவேவ், டெலிவிஷன் எல்லாம் புகை! வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிஷ வேலை.

30 ஆம்பியர் என்றால் 3,600 வாட். ஏர்கண்டிஷனுக்குச் சுமார் 1,500, தலை உலர்த்தும் கருவிக்கு 1,500, வெந்நீருக்கு 1,400 என்று ஒரே நேரத்தில் போட்டால் தாங்காது. அப்போது பிரேக்கர் விழுந்தால் அதைத் திட்டக் கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் முள் தளர்ந்திருக்கிறது. கறுத்துப் போன முள்ளைச் சுரண்டி மறுபடி உபயோகிப்பது வீண் சிக்கனம். பிளக்கையே மாற்ற வேண்டும். மிச்ச வயரைச் சுருட்டிக் குவித்து வைத்தால் உள்ளே சூடு ஏறும். அதை விரித்துப் போட வேண்டும்.

ஊருக்குத் திரும்பும்போதும் பிரேக்கரை அணைத்த பிறகே பிளக்கைப் பிடுங்க வேண்டும். பெட்டியில் இருக்கும் முனையைத்தான் முதலில் பிடுங்குவது.