தொட்டிலில் என்ன இருக்கிறது?



2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் போர்ட் பிளேரில், குழந்தை பிறந்த வீட்டிற்கு ஜெபிக்கச் செல்லும்போது நான் முதலில் பார்ப்பது தொட்டிலைத்தான். அண்மையில் ஒரு வீட்டில், 12 நாளான பிள்ளையைச் சுற்றி இரண்டு தலையணைகள், பஞ்சு மெத்தை, கம்பளி, ஒரு கரடி பொம்மை. எல்லாம் சபையார் அன்பாய்க் கொடுத்தவை. தகரக் கூரையின் கீழ் பிள்ளை வியர்த்துக் கிடந்தது. ஊரிலிருந்து பாட்டி இன்னும் கப்பலேறவில்லை. இளந்தாய்க்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

சாலொமோன் ராஜாவின் நியாயத்தீர்ப்பைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். அந்த வழக்கு தொடங்கியது எப்படி? ஒரு தாய் இரவில் உறக்கத்தில் தன் பிள்ளையின்மேல் புரண்டுவிட்டாள். அவளுடைய பொய்யைப் பிரசங்கிக்கிற நாம், களைத்துறங்கிய தாய்க்கு நேரிட்ட அந்த விபத்தைக் கவனிப்பதில்லை. நானும் வேதாகமக் கல்லூரி நாட்களில் கவனிக்கவில்லை.

ஆகவே, பிள்ளை உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்கட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரையும், குறைந்தது ஆறு மாதம் அப்படியே இருக்கட்டும் என்கிறது. தரை வேண்டாம்; மழைக்காலத்தில் பூரான் ஏறும் ஊர் இது. படாக் மரத்தில் ஆசாரியிடம் தொட்டில் செய்வித்தால், சட்டங்களின் இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டாதிருக்கட்டும். மெத்தை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கவேண்டும். அதன்மேல் இறுக விரித்த பருத்தித் துணி ஒன்று போதும். தலையணை வேண்டவே வேண்டாம்.

பிள்ளையை எப்போதும் மல்லாந்தே படுக்கவையுங்கள். குப்புறப் படுத்தால் நன்றாய்த் தூங்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் மல்லாந்து படுக்கவைக்கும் பிரச்சாரம் தொடங்கியபின், தொட்டிலில் நேரிடும் திடீர் மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.

சேலைத் தூளியைச் சொன்னால் பாட்டிமார் என்மேல் கோபப்படுவார்கள். அதில் பிள்ளையின் முதுகு வளைந்து தாடை மார்பில் பதியும். சிறிய மூச்சுக்குழல் நெருக்கப்படும். கண்ணெதிரே வைத்து ஆட்டுங்கள். கண்ணயர்ந்ததும் எடுத்துச் சமமான படுக்கையில் கிடத்துங்கள்.

கொசுவுக்கு வலைதான் நல்லது. அதை இறுகக் கட்டி, ஓரங்களை மெத்தையின் கீழ் செருகுங்கள். தொங்கும் வலை முகத்தில் விழக்கூடாது. கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தாதீர்கள். ஒரு சுருளின் புகையிலுள்ள நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டது. குளிப்பாட்டியபின் போடும் சாம்பிராணிப் புகையும் அப்படித்தான், வேண்டாம்.

இங்கே சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்தி உதிக்கிறது. கிழக்கு ஜன்னலுக்கு அடர்ந்த திரை போடுங்கள்; தாய்க்கும் சற்று உறக்கம் மிஞ்சும். மின்விசிறி இருக்கட்டும். பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

இன்னொன்று, என்மேலும் குற்றமுண்டு: முழு இரவு ஜெபத்தில் ஒலிபெருக்கியின் அருகே, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் பிள்ளையைக் கிடத்துகிறார்கள். கைக்குழந்தையுள்ள தாய்மார் வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம், நான் வருத்தப்படமாட்டேன்.

அந்த வீட்டில் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தோம். "கொடுத்தவர்கள் கேட்டால் என்ன சொல்வது, பாஸ்டர்?" என்றாள் அந்தச் சகோதரி. நான் எடுத்து வைக்கச் சொன்னதாகச் சொல்லும்படி கூறினேன். கரடி இப்போது அலமாரியின்மேல் இருக்கிறது.