வாடிக்கையாளரின் யோசனைக்கு விலை உண்டு

ஒரு பொருளை வாங்கியவர் அதைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை காண்கிறார். அதைத் தன் கையால் திருத்துகிறார். அந்தத் திருத்தத்தை நிறுவனத்திடமே போய்ச் சொல்கிறார். நிறுவனம் அதை அடுத்த ஆண்டுப் பொருளில் சேர்த்து விலையையும் கூட்டி விற்கிறது. திருத்தம் சொன்னவரும் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். பெரிய பிராண்டுகள் நடத்தும் வாடிக்கையாளர் குழுக்களின் கணக்கு பல இடங்களில் இப்படித்தான் முடிகிறது. இது மாற வேண்டும். வாடிக்கையாளரின் யோசனையிலிருந்து ஒரு பொருள் பிறந்தால், அதில் அவர் பெயர் இருக்க வேண்டும். அதன் விற்பனையில் அவருக்குப் பங்கும் இருக்க வேண்டும். எவ்வளவு பங்கு என்பது யோசனையைக் கேட்பதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

பயன்படுத்துகிறவர்கள் புதியதைக் கண்டுபிடிப்பது அபூர்வமான விஷயம் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1970களில் அறிவியல் கருவிகளின் வரலாற்றைத் துருவிப் பார்த்தார். அவற்றின் முக்கியமான மேம்பாடுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு, கருவிகளைப் பயன்படுத்திய ஆய்வாளர்களிடமிருந்தே வந்தவை. உற்பத்தியாளர்கள் பின்னால்தான் வந்தார்கள். அதே 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள், கனத்த பழைய சைக்கிள்களைத் தங்கள் தேவைக்கு மாற்றி மலைச்சரிவுகளில் ஓட்டிப் பழகினார்கள். கடையில் கிடைத்த எந்த சைக்கிளும் அந்தப் பாதையில் தாங்கவில்லை. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் பெரிய அளவில் தயாரித்த முதல் மலை சைக்கிளான ஸ்டம்ப்ஜம்பர் 1981இல்தான் வந்தது. இன்று உலகெங்கும் விற்கும் அந்த வகை சைக்கிளுக்கு வேர், கையில் எண்ணெய்க் கறையோடு நின்ற அந்த வாடிக்கையாளர்கள்தான்.

இதைத் தாமதமாக உணர்ந்தாலும் நன்றாகவே உணர்ந்த நிறுவனம் லெகோ. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932இல் தொடங்கிய பொம்மை நிறுவனம் அது. 1998இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ பொம்மையைக் கொண்டுவந்தது. சில வாரங்களிலேயே ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஒருவர் அதன் உள்மென்பொருளைப் பிரித்தறிந்து எல்லோருக்கும் வெளியிட்டார். பலர் சொந்தமாக மென்பொருள் எழுதத் தொடங்கினார்கள். வழக்குப் போடுவதா என்று லெகோ யோசித்தது. கடைசியில் போடவில்லை, மென்பொருளை மாற்றி எழுதிக்கொள்ளும் உரிமையை உரிம விதிகளிலேயே சேர்த்துக்கொண்டது. துணிச்சலான முடிவு அது. இன்றும் பல நிறுவனங்களுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

அடுத்து நடந்ததில்தான் நமக்குச் சிக்கல் தெரிகிறது. 2003இல் லெகோ பெரும் நஷ்டத்தில் இருந்தது. அந்தக் காலகட்டத்தில் மைண்ட்ஸ்டார்ம்ஸின் அடுத்த பதிப்பை வடிவமைக்க, வெளியே இருந்த தேர்ந்த பயனாளர்கள் நால்வரை ரகசியமாகச் சேர்த்துக்கொண்டது. மாதக்கணக்கில் அவர்கள் மின்னஞ்சலில் ஆலோசனை தந்தார்கள். விமானக் கட்டணத்தைத் தாங்களே செலுத்திப் பில்லுண்டுக்குப் போனார்கள். ஊதியமாகக் கிடைத்தவை லெகோ பெட்டிகள். 2006இல் வெளிவந்த அந்தப் பதிப்பின் விலை 250 டாலர். அந்த நால்வரும் மகிழ்ச்சியோடுதான் வேலை செய்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் ஆசையோடு செய்கிறார் என்பதற்காக அவருடைய உழைப்பின் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடாது. அதே அறையில் அதே பொருளைப் பற்றிப் பேசிய லெகோ பொறியாளர்களும் ஆசையோடுதான் வேலை செய்திருப்பார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது.

லெகோ அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் அதன் பெருமை. 2008இல் ஜப்பானில் ஒரு கூட்டாளி நிறுவனத்துடன் சேர்ந்து குசூ என்ற திட்டத்தைத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் ஒரு மாதிரியைக் கட்டி முன்வைக்கலாம்; போதிய ஆதரவு கிடைத்தால் நிறுவனம் பரிசீலிக்கும். ஷின்காய் 6500 என்ற ஜப்பானிய ஆழ்கடல் நீர்மூழ்கியின் மாதிரிதான் அப்படி வந்த முதல் பொருள். பிறகு திட்டம் உலகெங்கும் விரிந்தது. 2014 முதல் அதற்கு லெகோ ஐடியாஸ் என்று பெயர். 10,000 பேரின் ஆதரவைப் பெற்ற மாதிரி பரிசீலனைக்குப் போகும். தேர்வாகிக் கடைக்கு வந்தால், நிகர விற்பனையில் 1 சதவீதம் அதை வடிவமைத்தவருக்கு. பெட்டியோடு வரும் கையேட்டில் அவர் பெயரும் அவரைப் பற்றிய குறிப்பும் அச்சாகும்.

அப்படிப் பங்கு பெற்றவர்களில் ஒருவர் எலன் கூய்மன் என்ற புவிவேதியியலாளர். லெகோ பொம்மைகளில் பெண்கள் குறைவாகவே இருக்கிறார்களே என்ற குறை அவருக்கு இருந்தது. மூன்று பெண் விஞ்ஞானிகள் அவரவர் ஆய்வுக்கருவிகளோடு இருக்கும் ஒரு தொகுப்பைத் தானே கட்டி முன்வைத்தார். 2014இல் அது கடைக்கு வந்து வேகமாக விற்றுத் தீர்ந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து மாயா வைன்ஸ்டாக் முன்வைத்த 'நாசாவின் பெண்கள்' தொகுப்பு வந்தது. பல தலைமுறைகளாகப் பொம்மை செய்த நிறுவனத்தின் உள்ளே இருந்தவர்கள் போதுமான அளவு பார்க்காத ஒரு குறையை வெளியே இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர்களுக்குப் பெயரும் கிடைத்தது, பணமும் கிடைத்தது. நிறுவனமும் நொடித்துப்போய்விடவில்லை. 1 சதவீதம் குறைவு என்பவர்கள் உண்டு. நமக்கும் அது குறைவாகவே படுகிறது. 10,000 பேரின் ஆதரவு பெற்ற மாதிரியை நிராகரிக்கும்போது காரணத்தை விளக்கமாகச் சொல்ல லெகோ மறுப்பதும் சரியல்ல. ஆனாலும் விகிதம் முன்கூட்டியே தெரிகிறது. யோசனை தருபவர் கண்ணைத் திறந்துகொண்டு தருகிறார்.

இதற்கு நேர் எதிரான கதை மேக்கர்பாட். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஆட்ரியன் பௌயர் 2005இல் ரெப்ராப் என்ற முப்பரிமாண அச்சு இயந்திரத் திட்டத்தைத் தொடங்கினார். வரைபடம், மென்பொருள் எல்லாம் எல்லோருக்கும் திறந்தவை. பல நாடுகளில் இருந்தவர்கள் அதை மேம்படுத்தினார்கள். அந்த அடித்தளத்தின் மீதுதான் நியூயார்க்கில் 2009இல் மேக்கர்பாட் எழுந்தது. வாங்கியவர்கள் பழுதுகளைக் கண்டுபிடித்தார்கள், பாகங்களைத் திருத்தி வடிவமைத்தார்கள், வடிவங்களை இலவசமாகப் பகிர்ந்தார்கள். 2012இல் நிறுவனம் தன் புதிய இயந்திரத்தின் வடிவமைப்பை மூடிவைத்தது. அதுவரை கைகொடுத்தவர்கள் கொதித்தார்கள். ரெப்ராப் திட்டத்துக்குப் பெரும் பங்களித்த செக் நாட்டு இளைஞர் யோசெஃப் ப்ரூஷா வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். அடுத்த ஆண்டே ஸ்ட்ராடசிஸ் நிறுவனம் 40 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து மேக்கர்பாட்டை வாங்கியது. திருத்திக் கொடுத்தவர்களுக்கு அதில் ஒரு டாலரும் இல்லை. விதை கொடுத்தவரைக் களத்துமேட்டின் பக்கமே வரவிடாத ஏற்பாடு இது. 2015இல் மேக்கர்பாட் தன் கடைகளை மூடி ஆட்குறைப்புச் செய்தது. இயந்திரக் கோளாறுகளும் போட்டியும் அந்தச் சரிவுக்குக் காரணங்கள்தான். ஆனால் கோளாறு வந்தபோது ஓடிவந்து திருத்திக் கொடுக்கும் கூட்டத்தை நிறுவனம் அதற்குள் இழந்திருந்தது. எதிர்ப்புத் தெரிவித்த ப்ரூஷா பிராக் நகரில் தொடங்கிய நிறுவனம் அந்தத் துறையின் முக்கியமான பெயர்களில் ஒன்றாக வளர்ந்தது.

பணம் கொடுக்க முடியாத இடத்தில் பெயராவது கொடுக்கலாம். சீனத்தின் ஷாவ்மி 2010இல் தன் கைபேசி மென்பொருளை முதலில் சோதித்துக் கொடுத்த 100 பேரின் பெயர்களை, கைபேசி இயங்கத் தொடங்கும் திரையில் காட்டியது. நிறுவனத்துக்கு அதில் செலவு ஏதும் இல்லை.

நிறுவனங்கள் சொல்லும் மறுப்புகளை ஒதுக்கிவிட முடியாது. யோசனை சொல்வது எளிது, அச்சு வார்த்து, முதலீடு போட்டு, கடை கடையாகச் சேர்ப்பதுதான் கடினம் என்கிறார்கள். உண்மை. அதனால்தான் நாம் பாதி லாபம் கேட்கவில்லை. அமெரிக்காவில் லேஸ் சிப்ஸ் 2012இல் புதிய சுவைக்கு நடத்திய போட்டியில் வென்றவருக்கு 10 லட்சம் டாலர் அல்லது ஓராண்டு நிகர விற்பனையில் 1 சதவீதம், எது அதிகமோ அது என்று அறிவித்தது. உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்பவருக்கு முடிவது மற்றவர்களுக்கும் முடியும். பொதுமக்களின் யோசனைகளைப் பொருளாக்கி அவர்களுக்குப் பங்கு கொடுத்த குவர்க்கி நிறுவனம் 2015இல் திவாலாயிற்றே என்பது இன்னொரு வாதம். பங்கு கொடுத்ததால் அது மூழ்கவில்லை. அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் பொருள்களைச் சந்தைக்குத் தள்ளிப் பணத்தைக் கரைத்ததால் மூழ்கியது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. வாடிக்கையாளர் சொல்லும் அதே யோசனையில் எங்கள் பொறியாளர்கள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தால், நாளை அவர் எங்கள்மீது வழக்குப் போடுவாரே என்கிறார்கள். அந்த அச்சத்தில்தான், அனுப்பப்படும் எல்லா யோசனையும் எந்த ஊதியமும் இன்றி எங்களுக்கே சொந்தம் என்று பொடி எழுத்தில் எழுதிவைக்கிறார்கள். அச்சம் நியாயமானது, மருந்து அநியாயமானது. உள்ளே நடக்கும் வேலைக்கும் வெளியிலிருந்து வரும் யோசனைக்கும் தேதியிட்ட பதிவேடு வைத்தால், எது முந்தியது என்று நடுவர் ஒருவர் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒருவருடைய யோசனையைக் காக்க ஊரார் அனைவரின் யோசனையையும் எழுதி வாங்கத் தேவையில்லை.

நம் நாட்டுக்கு இது புதிய கொள்கை அல்ல. 1987இல் அகத்திய மலையில் கேரள ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணி பழங்குடியினர், களைப்பு தீரத் தாங்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சைக் காயைக் காட்டினார்கள். அதிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கிக் கோவையின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு. பிறகு அந்த ஏற்பாடு பல தடங்கல்களைச் சந்தித்தது. ஆனாலும் அறிவு கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்பது, 2002ஆம் ஆண்டின் உயிரிப் பன்மயச் சட்டத்தின் வழியாக இந்தியச் சட்டமாகவே ஆனது. கிராமத்து விவசாயிகளின், கைவினைஞர்களின் கண்டுபிடிப்புகளைத் திரட்ட அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர் அனில் குப்தா 1980களின் இறுதியில் தொடங்கிய 'ஹனி பீ' அமைப்பும் இதே நெறியை வகுத்துக்கொண்டது: சொன்னவர் பெயரை மறைக்காதே, கற்றதை அவர் மொழியிலேயே அவருக்குத் திருப்பிக் கொடு, லாபம் வந்தால் பகிர்ந்துகொள். மதுரையின் சேவா அமைப்பு 'நம் வழி வேளாண்மை' இதழின் வழியாக அதைத் தமிழில் நடத்திக் காட்டியது. மலையில் இருக்கும் காணிக்கும் வயலில் இருக்கும் விவசாயிக்கும் பொருந்துகிற நியாயம், ஸ்கூட்டர் வாங்கியவருக்குப் பொருந்தாதா?

சட்டத்தில் இடைவெளி இருக்கிறது. வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது. காப்புரிமை பெறுவது சாதாரண வாடிக்கையாளரின் வசதிக்கும் பொறுமைக்கும் அப்பாற்பட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களைச் செல்லாதவையாக அறிவிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது பொருள் வாங்குகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, யோசனை தருகிறவரை வைத்து அல்ல. தவறான விளம்பரங்களுக்கு 2022இலும், இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகளுக்கு 2023இலும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இதற்கும் நெறிகள் வகுக்க வேண்டும். யோசனை கேட்கும் நிறுவனம் பங்கு விகிதத்தையும் பெயர் குறிப்பிடும் முறையையும் முன்கூட்டியே அறிவிக்கட்டும். எல்லாம் எங்களுக்கே என்னும் விதி செல்லாது என்று ஆகட்டும். பயன்படுத்தாத யோசனை, ஒரு காலக்கெடுவுக்குப் பின் தந்தவரிடமே திரும்பட்டும்.

அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் தொழில்துறைக்கு இல்லை. சென்னையின் ராயல் என்ஃபீல்டும் ஒசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏதரும் வண்டி உரிமையாளர்களின் கூட்டங்களை ஆர்வத்தோடு நடத்திவருகின்றன. அந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்களின் அனுபவம் அந்த நிறுவனங்களுக்கு எவ்வளவு பயன் தரும் என்று விளக்க வேண்டியதில்லை. இப்படியொரு பங்கு விதியை முதலில் எழுதி வெளியிடும் பெருமையைத் தமிழ்நாட்டுத் தொழிற்சாலை ஒன்று பெற வேண்டும். அதுவரை, எந்த நிறுவனத்துக்கு யோசனை எழுதி அனுப்பினாலும், இதற்கு என் பங்கு என்ன என்ற கேள்வியையும் அதே கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.