தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸ்களுக்கு 'நோ-கோடு' டூல் கைகொடுக்குமா? பில் எங்கே எகிறும்?

கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி லோடு தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்புதுன்னா, அதற்கு முன்னாடி ஓடுவது காகிதம்தான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், இ-வே பில்... ஒரே கன்டெய்னர் நம்பரை மெயில், எக்செல், வாட்ஸ்அப் என மாறி மாறி அடிக்க வேண்டியிருக்கிறது. 'கட்-ஆஃப்' நேரம் மாறிய மெயில் ஒன்று கண்ணில் படாமல் போனால் போதும், பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போகும். கூடுதல் செலவு ஏற்றுமதியாளர் தலையில்.

வ.உ.சிதம்பரனார் துறைமுகம் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது. 2024 செப்டம்பரில் இன்னொரு கன்டெய்னர் முனையமும் திறக்கப்பட்டது. வேலை கூடக்கூட, நாலு பேர் இருக்கும் ஆபீஸுக்கும் 'நோ-கோடு ஆட்டோமேஷன்' மேல் கண் போவது இயல்புதான்.

அப்படின்னா என்ன?

புரோகிராம் எழுதத் தெரியாதவரே ஒரு ஆப்பை இன்னொன்றோடு இணைத்துவிடலாம். புக்கிங் மெயில் வந்ததும் விவரம் ஷீட்டில் ஏறும். கிளியரிங் ஏஜென்ட்டுக்குத் தகவல் போகும். ஸாப்பியர், மேக், என்8என் ஆகியவை இதில் பிரபலம். அண்டை மாவட்டமான தென்காசியில் பெரிய அலுவலகம் வைத்திருக்கும் ஸோகோவுக்கு 'ஸோகோ ஃப்ளோ' இருக்கிறது.

கட்டணத்தில்தான் சூட்சுமம்

மாத விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். எதை 'ஒன்று' என்று எண்ணுகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கணும். மாதம் 200 ஷிப்மென்ட், ஒவ்வொன்றுக்கும் 5 செயல்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸாப்பியர் ஒவ்வொரு செயலையும் எண்ணும், ஆக 1,000. என்8என் கிளவுடில் முழு ஓட்டமும் ஒன்றுதான், ஆக 200.

மேக் கணக்கு வேற மாதிரி. புது மெயில் வந்திருக்கான்னு எட்டிப் பார்ப்பதே ஒரு கணக்கு, மெயில் இல்லாவிட்டாலும்! 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் நாளுக்கு 96. மாதம் 1,000 தரும் இலவசத் திட்டம், ஒரு வேலையும் நடக்காமலே 11-வது நாளில் காலி.

என்8என்-ஐ சொந்த சர்வரில் ஓட்டினால் இந்தக் கணக்கே கிடையாது. ஆனா சர்வரைப் பார்த்துக்க ஆள் வேணும். சம்பளத்தையும் சேர்த்தால் அது இலவசமா என்பது சந்தேகம்தான். ஸோகோ ஃப்ளோவில் ரூபாயில் கட்டலாம். டாலர் ஏற்ற இறக்கத் தலைவலி இல்லை.

எது நடக்காது?

ஆயிரக்கணக்கான ஆப்களோடு இணையும்னு விளம்பரம் பார்த்து, கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளமும் அதில் இருக்கும்னு நினைச்சா ஏமாற்றம்தான். ஷிப்பிங் பில் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்பம் வேணும். அது கஸ்டம்ஸ் புரோக்கர் வேலையாகவே தொடரும். 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமான இ-இன்வாய்ஸை டாலி பிரைமிலிருந்தே போடலாம். அதற்காகப் புது டூல் வாங்குவது வீண்.

வாட்ஸ்அப்பில் தானாக மெசேஜ் போக, அந்நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ பிசினஸ் ஏபிஐ வழிதான் பாதுகாப்பு. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. குறுக்கு வழி ஆப்களை நம்பினால் நம்பரே முடக்கப்படலாம். பல வருஷமா வாடிக்கையாளர்கள் கூப்பிடும் நம்பர் அது!

நின்னுபோனா யாருக்குத் தெரியும்?

விலையைவிட முக்கியமான கேள்வி இது. பிழை தொடர்ந்தால் ஸாப்பியரும் மேக்கும் அந்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். எச்சரிக்கை மெயில், கணக்கைத் தொடங்கியவருக்குப் போகும். அது ஒரு ஊழியரின் சொந்த ஜிமெயிலாக இருந்து, அவர் லீவில் இருந்தால்? எல்லாம் தானா நடக்குதுன்னு ஆபீஸ் நம்பிக்கொண்டிருக்கும், கட்-ஆஃப் கடந்திருக்கும்.

அதனால் கணக்கை நிறுவனத்தின் பொது மெயிலில் தொடங்குவது நல்லது. எச்சரிக்கை குறைந்தது 2 பேருக்காவது போகணும். முதல் மாதம் புக்கிங் பதிவு மாதிரி ஒரே ஒரு வேலையை மட்டும் டூலிடம் கொடுத்து, பழைய எக்செலையும் கூடவே வைத்திருந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று தினமும் சரிபார்க்கலாம்.