பிடித்த பிடியை விடாத பிரேக்



மும்பையிலும் புனேயிலும் வாழும் நம் குடும்பங்களில் அநேகர் வாங்கும் முதல் வாகனம் புதியதாக இருப்பதில்லை. வேறொருவர் பல ஆண்டுகள் ஓட்டிக் கைமாற்றிய மாருதி 800 ஆகவோ, ஆம்னியாகவோதான் இருக்கும். 800-இன் உற்பத்தி 2014-லும், ஆம்னியின் உற்பத்தி 2019-லும் நின்றுவிட்டன. ஆயினும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், முதியோரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் அவை இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே பயப்படுகிறோம். பிடித்த பிரேக் முழுவதும் விடவில்லை என்றால் அதை ஒரு பழுதாகவே எண்ணுவதில்லை. வண்டிக்கு இழுவை குறைந்துவிட்டது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று எஞ்சினைக் குறை கூறுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் ஆம்னியில் இதுவே நடந்தது. ஒரு பட்டறையில் எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று கூறிவிட்டார்கள். அதற்குக் கடன் வாங்கவும் ஆயத்தமாகிவிட்டார் அந்தச் சகோதரர். ஆனால் ஏதோ கருகுகிற நாற்றம் வருகிறது என்று அவருடைய மனைவி பல நாட்களாகச் சொல்லிவந்திருக்கிறார். ஆம்னியில் முன் இருக்கைகள் முன்சக்கரங்களின் மேலேயே அமைந்திருப்பதால், இடப்பக்கம் அமர்ந்திருந்தவருக்கே அந்த நாற்றம் முதலில் எட்டியது. கடைசியில் இடது முன்சக்கரத்துக்குச் செல்லும் ஒரு ரப்பர் ஹோஸை மாற்றியதோடு வண்டி பழையபடி ஓடியது. எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. வீட்டில் உள்ளவர்கள் சொல்லுவதையும் சற்றுச் செவிகொடுத்துக் கேட்பது நல்லது.

இதில் பணம் மட்டுமல்ல, உயிரும் அடங்கியிருக்கிறது. சக்கரத்தோடு ஓயாமல் உரசும் பிரேக் சூடேறுகிறது. அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குச் செல்லுகிறது. டாட் 3 வகை ஆயில் புதியதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதியாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு விதி கேட்பது 140 டிகிரி மட்டுமே. கண்டாலாவிலிருந்து கோபோலிக்குப் போர்காட் மலைப்பாதையில் இறங்கும்போது அந்த ஆயில் கொதித்து ஆவியானால், மிதித்த பெடல் தரைவரை போய்விடும், வண்டி நில்லாது. பிரேக் விடாததில் தொடங்கிய பழுது, பிரேக்கே இல்லாமற்போவதில் முடியும்.

பழுதை எப்படி அறிவது? சமதளமான, வாகன நடமாட்டம் குறைந்த சாலையில் மெதுவாகச் செல்லுகையில் கியரை நியூட்ரலில் போட்டுப் பாருங்கள். வண்டி தானாக உருண்டு செல்லாமல் யாரோ பின்னால் இழுப்பதுபோல் நின்றால் சந்தேகப்படலாம். பின்பு பத்துக் கிலோமீட்டர், இயன்றமட்டும் பிரேக்கை மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கையோ டிரம்மையோ தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். தண்ணீரும் ஊற்றவேண்டாம். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்றுச் சூடாயிருப்பது இயல்பே. இடது முன்சக்கரத்தை வலது முன்சக்கரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஒன்று மாத்திரம் அனல் வீசினால் அங்கேதான் பழுது. சக்கர பேரிங் கெட்டாலும் சூடு வரும். ஆனால் அதில் பெரும்பாலும் ஒரு முரலும் ஓசை இருக்கும். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். டயரில் காற்றுக் குறைந்தாலும் வண்டி இழுக்கும்; ஆகையால் காற்றை முதலில் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்து, சூடு ஆறுமுன் ஜாக்கி வைத்து அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்ற வேண்டும். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருவரும் தலையை நீட்டக்கூடாது. டிஸ்க் உள்ள முன்சக்கரத்தில் இலேசான உரசல் சத்தம் இருந்தே தீரும்; அதைப் பழுதென்று எண்ணவேண்டாம். 800-இல் முன்சக்கரங்களும் ஆம்னியில் பின்சக்கரங்களும் எஞ்சினோடு இணைந்தவை. அவை நியூட்ரலிலும் சற்று இறுக்கமாகவே சுழலும்.

இனி வருவது மெக்கானிக் செய்யவேண்டிய சோதனை. என்றாலும் அருகில் நின்று கவனிக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் இறுகி நிற்கும்போதே அதன் காலிபரில் உள்ள பிளீடர் நிப்பிளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். ஆயில் சொட்டாக மட்டும் வந்து, சக்கரம் இறுகியபடியே இருந்தால் பழுது காலிபரிலேயே உள்ளது: பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், காலிபர் நகரும் பின்கள் காய்ந்து ஒட்டியிருக்கலாம், அல்லது பேட் தன் இடத்தில் சிக்கியிருக்கலாம். மும்பை மழையும் கடற்காற்றும் இவற்றுக்கு நல்லவை அல்ல.

அழுத்தம் சிறைப்பட்டிருந்தால் அது எங்கே என்பது அடுத்த கேள்வி. ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இணைப்பைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடாமல், பிளீடரில் தளர்த்தினால் மட்டும் விடுகிறதென்றால், இடையிலுள்ள ஹோஸே குற்றவாளி. வெளியே பார்க்க அது நன்றாகத்தான் இருக்கும். உள்பக்கத்து ரப்பர் பெயர்ந்து வழியை அடைத்திருக்கும். காலின் பலம் பெரிது, ஆகையால் மிதிக்கும்போது ஆயில் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். திரும்பி வருவதற்கோ அப்படிப்பட்ட பலம் கிடையாது. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னிழுக்க ஸ்பிரிங் இல்லை. ஒரு ரப்பர் சீல் தன் வளைவிலிருந்து நிமிர்வதே அதன் முழுப் பலம்.

ஒரு சக்கரமாக இல்லாமல் இரண்டோ நான்கோ ஒன்றாகப் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கவேண்டும். காலையில் நன்றாயிருந்து, ஓட ஓட இறுகி, ஆறியபின் தானாக விடுகிறதா? இது அதற்குரிய அடையாளம். சூட்டில் பெருகும் ஆயில் தொட்டிக்குத் திரும்ப மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சிறு துவாரம் உண்டு. பிஸ்டன் முழுவதும் பின்வந்தால்தான் அது திறக்கும். பெடலுக்குச் சிறிது வெற்று அசைவு இல்லாதிருந்தாலும், பிரேக் விளக்கின் சுவிட்ச் பெடலை அழுத்திக்கொண்டிருந்தாலும் துவாரம் மூடியே இருக்கும். ஆகவே புதிய மாஸ்டர் சிலிண்டர் வாங்குமுன், செலவில்லாத இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில் என்று வழங்கினாலும் அது எண்ணெய் அன்று. இந்தப் பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றியவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போய் எல்லாச் சக்கரங்களும் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றவேண்டி வரும். மூடியில் எழுதியுள்ள வகையை மட்டுமே ஊற்றி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

பின்சக்கரம் பிடித்தால் முதல் சந்தேகம் ஹேண்ட்பிரேக் கேபிள் மேல் விழவேண்டும். கேபிளைத் தளர்த்தியதும் சக்கரம் விட்டால் துருப்பிடித்த கேபிளே காரணம். விடாவிட்டால் டிரம்மைக் கழற்றி ஸ்பிரிங்குகளையும் வீல் சிலிண்டரையும் பார்க்கவேண்டும். டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதவோ, காற்றுக் குழாயால் அடிக்கவோ விடாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

பேட், ஷூ, ஹோஸ் ஆகியவற்றை ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரு பக்கமும் மாற்றுவது நன்று. இல்லையேல் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஹிந்தி சரளமாக வராதவர்கள், "பிரேக் கராப் ஹை" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வருகிறார்கள். பிறகு பட்டியலைப் பார்த்துத் திகைக்கிறார்கள். "பிரேக் சோட்னே கே பாத் பீ பஹியா ஜாம் ரஹதா ஹை" என்று சொல்லுங்கள். எந்தச் சக்கரம், எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் என்பதையும் கூறுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் அதே பத்துக் கிலோமீட்டரை ஓட்டி, நான்கு சக்கரங்களின் அருகிலும் மறுபடியும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இடமும் வலமும் ஒத்திருந்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகலாம்; இறங்கும்போது இரண்டாம் கியரில்.

மழைக்காலத்தில் ஊருக்குச் சென்று வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைப்பவர்கள் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டுப் போகவேண்டாம். ஷூ டிரம்மோடு ஒட்டிவிடும். சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.