சந்தைக்கு அஞ்சி டெபாசிட்டுக்குச் செல்லும் சேமிப்பு: பணத்துக்குப் பொறுப்பு யார்?

திருவனந்தபுரம்: அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் அறிவித்த இறக்குமதி வரிகளின் எதிரொலியாக, 2025 ஏப்ரல் 7-ஆம் தேதி மும்பை பங்குச் சந்தைக் குறியீட்டெண் சென்செக்ஸ் ஒரே நாளில் 2,226 புள்ளிகள் சரிந்தது. அதே குறியீட்டெண் நவம்பர் இறுதியில் 86,000 புள்ளிகளைத் தொட்டுப் புதிய உச்சம் கண்டது. ஏப்ரலில் அஞ்சி விற்றவர்கள் நட்டத்தைத் தாங்களே உறுதி செய்துகொண்டனர், காத்திருந்தவர்கள் மீண்டனர்.

இத்தகைய ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தொலைக்காட்சித் திரையின் அடியில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பதால் அதைக் கண்டு விலகுவது எளிது. ஆனால் அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும் மிகுதியாக வாழும் கேரளத் தலைநகரில், கடந்த சில ஆண்டுகளில் வாழ்நாள் சேமிப்பு முடங்கித் தெருவில் நின்று போராடியவர்கள் பங்கு வர்த்தகர்கள் அல்லர். சந்தையே வேண்டாம் என்று ஒதுங்கி, வீட்டுக்கு அருகிலுள்ள கூட்டுறவு நிறுவனத்தில் நிரந்தர வைப்புத்தொகை போட்டவர்கள்.

2023 தொடக்கத்தில் திருவனந்தபுரம் பிஎஸ்என்எல் பொறியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் முறைகேடு நடந்ததாக வழக்குப் பதிவானது. அங்கே பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். அதே ஆண்டு நவம்பரில், மாறநல்லூர் பகுதியில் உள்ள கண்டலா சர்வீஸ் கூட்டுறவு வங்கியில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது; வங்கியின் முன்னாள் தலைவர் கைது செய்யப்பட்டார். இவற்றுக்கு முன்னோடி, 2021 ஜூலையில் வெளிவந்த திருச்சூர் மாவட்டக் கருவன்னூர் சர்வீஸ் கூட்டுறவு வங்கி விவகாரம். சிகிச்சைக்குக் கேட்டபோதும் பணம் கிடைக்காமல் வைப்புதாரர் ஒருவர் உயிரிழந்ததாகக் குற்றம் சாட்டி, 2022 ஜூலையில் அவரது உடலை வங்கி வாசலிலேயே வைத்துக் குடும்பத்தினர் போராடினர்.

பெயரில் வங்கி, சட்டத்தில் சங்கம்

கேரளாவில் சுமார் 1,600 தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இயங்குகின்றன. ஊருக்கு ஊர் பெயர்ப்பலகையில் 'சர்வீஸ் கோ-ஆபரேட்டிவ் பேங்க்' என்றே எழுதியிருக்கும். கண்ணாடிக் கதவு, டோக்கன் இயந்திரம், பாஸ்புக் என அனைத்தும் வங்கியைப் போலவே இருக்கும். ஆனால் இவை ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகள் அல்ல. மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கங்கள்.

வங்கி ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம் 2020 செப்டம்பர் 29-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. அதைச் சுட்டிக்காட்டி 2021 நவம்பர் 22-ஆம் தேதி ரிசர்வ் வங்கி எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. அனுமதி பெறாத கூட்டுறவுச் சங்கங்கள் 'வங்கி' என்ற சொல்லைத் தங்கள் பெயரில் பயன்படுத்தக் கூடாது, அவற்றில் செலுத்தப்படும் வைப்புத்தொகைக்குக் காப்பீடு கிடையாது என்பதே அதன் சாரம். மாநில அரசு இதை எதிர்த்தது.

இந்த எதிர்ப்புக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது, மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை மாற்றித் தருவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அதைக் கண்டித்து முதல்வர் பினராயி விஜயனும் அமைச்சர்களும் அந்த மாதம் 18-ஆம் தேதி, திருவனந்தபுரத்தில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தின் முன் சத்தியாகிரகம் இருந்தனர். சாதாரண மக்களுக்கு வாசற்படியிலேயே கடன் கொடுத்த கூட்டுறவு அமைப்பின் மீது கேரள மக்கள் வைத்திருக்கும் பற்று உண்மையானது, நியாயமானதும்கூட. எனினும், பற்று ஒருபோதும் காப்பீடு ஆகாது. அரசியல் மேடைகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

இதில் மற்றொரு குழப்பமும் நிலவுகிறது. 2019 நவம்பரில் மாநிலக் கூட்டுறவு வங்கியுடன் மாவட்டக் கூட்டுறவு வங்கிகளை இணைத்து உருவாக்கப்பட்ட கேரளா வங்கி, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் உள்ளது. அதில் போடும் பணத்துக்குக் காப்பீடு உண்டு. ஒரே தெருவில் அதன் கிளையும் சர்வீஸ் கூட்டுறவுச் சங்கமும் எதிரெதிரே இருந்தால், இரண்டும் ஒன்று என்றே வாடிக்கையாளர் எண்ணுவார். மாநில அரசு தன் பங்குக்குக் கூட்டுறவு வைப்புத்தொகை உத்தரவாத நிதியம் ஒன்றை நடத்துகிறது. ஆனால் அது ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் அளிக்கும் காப்பீட்டுக்கு ஈடானது அன்று.

வீழ்ந்த வங்கியிலிருந்து பிறந்த காப்பீடு

இந்தியாவில் வைப்புத்தொகைக் காப்பீடு ஏற்படவே கேரளா ஒரு காரணம். 1937-இல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி, மறு ஆண்டு ஜூனில் கதவை மூடியது. திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் அரசியல் பகையே அதற்குக் காரணம் என்ற வாதம் இன்றும் உண்டு. வங்கியின் நிறுவனர்கள் சிறை சென்றனர். நாகர்கோவிலும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால், இது குமரி மாவட்டத்துக்கும் சொந்தமான வரலாறு.

அடுத்த அடி 1960-இல் விழுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்தை நாடியதைத் தொடர்ந்து, பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. நாடாளுமன்றம் வரை எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, 1962 ஜனவரி 1-ஆம் தேதி வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அப்போது உச்சவரம்பு ஒருவருக்கு 1,500 ரூபாய். 1993-இல் அது 1 லட்சமாகவும், 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. வங்கியின் மீது கட்டுப்பாடு விதிக்கப்பட்டால், காப்பீட்டுத் தொகையை 90 நாட்களுக்குள் வழங்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. இதற்கான பிரீமியத்தை வங்கிகளே செலுத்துகின்றன.

இந்தப் பாதுகாப்பின் மதிப்பு மும்பையில் தெரிந்தது. நியூ இந்தியா கூட்டுறவு வங்கியின் மீது 2025 பிப்ரவரி 13-ஆம் தேதி ரிசர்வ் வங்கி தடைகளை விதித்தபோது, அங்கும் கிளைகளின் முன் வரிசைகள் நீண்டன. அது உரிமம் பெற்ற நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி என்பதால் காப்பீடு இருந்தது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி சரஸ்வத் வங்கியுடன் இணைக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்குள் ஒரு முடிவு கிடைத்தது. கருவன்னூர் வைப்புதாரர்களோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இரு இடங்களிலும் முறைகேடு புகார்தான். வேறுபட்டது, பின்னால் நின்று பொறுப்பேற்ற அமைப்பு.

கூடுதல் வட்டியின் விலை

மக்கள் ஏன் இந்த ஆபத்தை ஏற்கிறார்கள்? பேராசை என்று சொல்லி முடித்துவிட இயலாது. ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 2025 பிப்ரவரி முதல் படிப்படியாகக் குறைத்து, டிசம்பரில் 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. ஓராண்டுக்குள் 1.25 சதவீதப் புள்ளிகள் குறைந்ததால் வங்கி வைப்புத்தொகை வட்டியும் சரிந்தது. அதே ஆண்டில் கேரளாவின் சில்லறைப் பணவீக்கம் மாநிலங்களிலேயே முதலிடத்தில் நீடித்தது. செப்டம்பரில் நாட்டின் சராசரி 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தபோது, கேரளாவில் 9 சதவீதத்தைக் கடந்தது. தேங்காய் எண்ணெயும் தங்கமும் விலை ஏறிய ஆண்டு அது; அக்டோபரில் ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. வட்டியில் குடும்பம் நடத்தும் ஒருவர், அரை சதவீதம் கூடுதலாகத் தரும் இடத்தைத் தேடுவது இயல்பே.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு சதவீதப் புள்ளி கூடுதல் வட்டி என்பது ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதாவது மாதம் 833 ரூபாய். காப்பீடு இல்லாத இடத்தில் 10 லட்சத்தையும் வைப்பதற்குக் கிடைக்கும் கூலி அவ்வளவுதான்.

அஞ்சலகத்தில் நிலைமை வேறு. 2025 டிசம்பர் நிலவரப்படி மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 8.2 சதவீதம், ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் வரை செலுத்தலாம். முழுத் தொகையையும் செலுத்தினால் காலாண்டுக்கு 61,500 ரூபாய் கிடைக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு விகிதம் மாறாது. மாத வருவாய்த் திட்டத்தில் 7.4 சதவீதம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் போட்டால் மாதம் 9,250 ரூபாய். இரண்டுக்கும் மத்திய அரசே பொறுப்பு. பல சங்கங்கள் சொல்லும் வட்டியை அஞ்சலகமே தரும்போது, இந்த வரம்புகளை நிரப்பாமல் வேறிடம் செல்வதற்குக் காரணம் தேடினால் பழக்கத்தைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை.

வங்கியில் பணம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, 5 லட்சம் என்ற வரம்பு ஒரு கணக்குக்கு உரியது அன்று என்பதே. ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள தொகைகள் கூட்டப்படும். அசலும் வட்டியும் சேர்ந்தே வரம்புக்குள் அடங்கும். ஆகவே முதிர்வின்போது வரம்பைத் தாண்டாமலிருக்க, 4 லட்சத்தைச் சற்று ஒட்டிய தொகையில் வெவ்வேறு வங்கிகளில் பிரித்து வைப்பது உதவும். கணவன், மனைவி பெயரிலான கூட்டுக் கணக்கு தனிக் கணக்கிலிருந்து வேறாகக் கருதப்படுகிறது.

எப்போது கிடைக்கும் என்பதும் ஒரு கேள்வி

யார் பொறுப்பு என்பதோடு, பணம் என்றைக்குக் கைக்கு வரும் என்பதும் முக்கியம். மாநில அரசு நேரடியாக நடத்தும் கருவூல சேமிப்பு வங்கி கேரளாவின் தனிச்சிறப்பு. அரசே பொறுப்பேற்பதால் ஓய்வூதியர்கள் பலர் அங்கேயே பணத்தை வைத்திருக்கிறார்கள். 2024 மார்ச் தொடக்கத்தில் மாநிலத்தின் நிதி நெருக்கடியால் அரசு ஊழியர்களின் ஊதியம் தாமதமானபோது, ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகை தற்காலிகமாக 50,000 ரூபாயாகக் கட்டுப்படுத்தப்பட்டது. யாருடைய பணமும் தொலையவில்லை. ஆனால் அந்த வாரத்தில் மருத்துவமனைக்கு 3 லட்சம் கட்ட வேண்டியிருந்தவருக்கு, அரசின் உத்தரவாதம் உடனடியாகப் பயன்பட்டிருக்காது. ஆறு மாதச் செலவுக்கும் ஒரு மருத்துவ அவசரத்துக்கும் போதுமான தொகை எங்கும் பூட்டப்படாமல் வேறொரு வணிக வங்கியின் சேமிப்புக் கணக்கில் இருப்பது இதனால்தான் அவசியமாகிறது.

பங்குச் சந்தையை முற்றிலும் ஒதுக்குவதும் தீர்வாகாது. விலைவாசி 9 சதவீதம் ஏறும் ஊரில் 7 சதவீத வட்டி, பாதுகாப்பாகத் தேய்ந்துகொண்டிருக்கும் பணமே. ஏழு, எட்டு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத தொகையின் ஒரு பகுதி, ஏப்ரலில் சரிந்து நவம்பரில் எழும் சந்தையைத் தாங்கிக்கொள்ளும். அடுத்த ஆண்டு மகள் திருமணத்துக்கு என எடுத்துவைத்த பணம் தாங்காது.

எல்லைக்கு இப்பாலும் கதை வேறல்ல. தமிழகத்தின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் உள்ள வைப்புத்தொகைக்கும் இந்தக் காப்பீடு பொருந்தாது. நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தாது. 1872-இல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதியின் வைப்புதாரர்கள், 2024-இல் காவல் துறையில் புகார் அளிக்க வரிசையில் நின்றனர். ஒன்றரை நூற்றாண்டுப் பெயரே அவர்களுக்கு உத்தரவாதமாகத் தோன்றியிருந்தது.

மும்பை வங்கி விவகாரத்துக்குப் பின், 5 லட்சம் என்ற காப்பீட்டு வரம்பை மேலும் உயர்த்துவது பரிசீலனையில் இருப்பதாக மத்திய நிதிச் சேவைகள் துறை 2025 பிப்ரவரியில் தெரிவித்தது. வங்கிகளின் நிதிநிலைக்கு ஏற்பப் பிரீமியம் வசூலிக்கும் முறைக்கும் ரிசர்வ் வங்கி அதே ஆண்டில் முடிவெடுத்தது. வரம்பு உயர்ந்தாலும் அதன் பயன் உரிமம் பெற்ற வங்கிகளின் வைப்புதாரர்களுக்கு மட்டுமே. கண்டலாவிலும் கருவன்னூரிலும் பணம் போட்டவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.